சிலேடையா, சினிமா வசனமா, நேர்ப்பேச்சா? ஒரு மெத்தைக்கு வரி தேடும் வேலை

புதிதாகச் சந்தைக்கு வரும் ஒரு மெத்தை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு ஒரே ஒரு விளம்பர வரி வேண்டும். ஹோர்டிங்கிலும் அதுதான், ரேடியோவிலும் அதுதான், மெத்தையைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையிலும் அதுதான். ஒரு பிராண்டிங் குழு இந்த வேலையோடு உட்கார்ந்தால், முதல் நாள் முடிவதற்குள் மேஜையில் மூன்று வகை வரிகள் வந்து விழுந்துவிடும். பேனாவானாலும் பைக்கானாலும் இன்சூரன்ஸானாலும் இதே மூன்று வகைதான். மெத்தையை வைத்துப் பேசுவது சுலபம், அதனால் மெத்தை.

முதல் வகை சிலேடை: "படுத்தால் படுத்தாது." இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த ஒரு படத்தின் பஞ்ச் டயலாக்கை எடுத்து ஒரே ஒரு சொல்லை மாற்றிப் போடுவது. எந்தப் படம், எந்த வசனம் என்று நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். உங்கள் மனதில் முதலில் வந்ததுதான் குழுவில் இருக்கும் எல்லோர் மனதிலும் வந்திருக்கும், போட்டி கம்பெனியின் குழுவுக்கும் அதுதான் வந்திருக்கும். மூன்றாவது நேர்ப்பேச்சு: "10 வருஷம் ஆனாலும் நடுவில் குழி விழாது."

இந்த மூன்றையும் மீட்டிங்கில் வரிசையாகப் படித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதல் வரிக்குச் சிரிப்பு வரும். இரண்டாவதுக்கு யாராவது அந்த நடிகர் குரலிலேயே சொல்லிப் பார்ப்பார்கள், கைதட்டல் விழும். மூன்றாவதுக்கு ஒரு "ம்ம்". அதோடு மூன்றாவது செத்துப்போகும். வரி ஒரு ஏசி அறையில், வேறு வேலை இல்லாத எட்டுப் பேர் காதில் எப்படி விழுகிறது என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தப்பு. வெளியே அதைப் பார்க்கப்போகிறவருக்கு நம் மெத்தையைப் பற்றிக் கவலையே கிடையாது. அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார், அல்லது போனில் விரலால் தள்ளிக்கொண்டே போவார்.

அதனால் ஒவ்வொரு வகையையும் அறைக்கு வெளியே வைத்துப் பார்க்கலாம்.

இரண்டு காலும் தரையில் இருக்கும் சிலேடை

சிலேடை தமிழுக்குப் புதிதில்லை. தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் அதை அணிகளில் ஒன்றாக வைத்து, செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று இரண்டாகப் பிரித்தது. சொல்லை உடைக்காமல் அப்படியே இரண்டு பொருள் தந்தால் செம்மொழி. வேறு வேறு இடத்தில் உடைத்தால்தான் இரண்டாவது பொருள் வரும் என்றால் பிரிமொழி. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் பாடினார். 'ஆடி' என்ற சொல் பாம்புக்குப் படமெடுத்து ஆடுவதாகவும், எள்ளுக்குச் செக்கில் ஆட்டப்படுவதாகவும் நிற்கும். இரண்டுமே கடைசியில் குடத்துக்குள் போய்ச் சேரும்.

விளம்பர வரி எழுதும் காப்பி ரைட்டருக்கு இந்தப் பிரிவினை இன்றைக்கும் பயன்படும். பிரிமொழிச் சிலேடையை ரசிக்க வாசகர் நின்று, சொல்லை உடைத்து, மறுபடி ஒட்டிப் பார்க்க வேண்டும். வெண்பா படிக்கிறவர் அதைச் செய்வார், சிக்னல் பச்சையானதும் கிளம்புகிறவர் செய்யமாட்டார். ஹோர்டிங்குக்குச் செம்மொழிதான் சரி. பத்திரிகை விளம்பரத்தில், அல்லது மெத்தையோடு வரும் அட்டையில் வேண்டுமானால் உடைத்து விளையாடலாம்.

"படுத்தால் படுத்தாது" எதையும் உடைக்கச் சொல்லவில்லை. ஒன்று படுப்பது, இன்னொன்று படுத்தி எடுப்பது. "என்னைப் போட்டுப் படுத்தாதே" என்று வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற சொல். முதுகுவலிக்காரருக்கு உடனே பிடிபடும். இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. இரண்டு பொருளுமே மெத்தையைப் பற்றியவை. படுப்பது மெத்தையில், படுத்துவது கெட்ட மெத்தை. வரியின் இரண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கின்றன.

இதை அதே கூட்டத்தில் வரக்கூடிய இன்னொரு வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: "மெத்தப் படுத்தவர்கள் சொல்கிறார்கள்." 'மெத்தப் படித்தவர்கள்' என்பதைத் திருப்பிப் போட்டது. மெத்தையும் உள்ளே இருக்கிறது, படுப்பதும் இருக்கிறது. கேட்டதும் சிரிப்பு வரும். ஆனால் சிரித்து முடித்தபின் மெத்தையைப் பற்றி என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை. எழுதியவர் கெட்டிக்காரர் என்று மட்டும் தெரிந்தது. பெரும்பாலான சிலேடை விளம்பரங்கள் இந்த வகைதான். கம்பெனி காசில் ரைட்டருக்கு விளம்பரம்.

இரண்டு கால் சிலேடைக்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. 1978-ல் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சிக்காக சாட்சி அண்ட் சாட்சி ஏஜென்சி செய்த போஸ்டர். வேலையில்லாதோர் அலுவலகத்தின் முன் நீண்டு வளையும் ஒரு வரிசை, மேலே "லேபர் இஸன்ட் ஒர்க்கிங்" என்ற வரி. லேபர் கட்சியின் ஆட்சி உருப்படவில்லை என்பது ஒரு பொருள், உழைக்கிறவர்களுக்கு வேலை இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே குற்றச்சாட்டைத்தான் சொல்கின்றன, படமும் அதையேதான் சொல்கிறது. அடுத்த வருஷத் தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி ஜெயித்ததற்கு ஆயிரம் காரணம் இருந்தாலும் போஸ்டர் மட்டும் பாடமாகிவிட்டது. (வரிசையில் நின்றவர்கள் உண்மையில் வேலையில்லாதவர்கள் இல்லை, கட்சியின் ஆட்கள். விளம்பரம் என்றால் இதுவும் சேர்த்துத்தான்.)

சிலேடைக்கு எதிராகப் பேசியவர்களில் பெரிய ஆள் விளம்பர எழுத்தாளர் டேவிட் ஓகில்வி. ஹெட்லைனில் சிலேடையும் இலக்கியச் சாயலும் கூடாது என்று 1963-லேயே அடித்துச் சொன்னவர். தலைப்பைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் கீழே இருக்கும் விளக்கத்தைப் படிப்பதே இல்லை, அதனால் தலைப்பைப் புதிராக்கினால் மொத்தமும் வீண் என்பது அவர் கணக்கு. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் வேறு பக்கத்தையும் காட்டின. எட்வர்ட் மெக்குவாரியும் டேவிட் மிக்கும் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், படமும் சொல்லும் ஒன்றையொன்று எதிரொலிக்கும் சொல்விளையாட்டு விளம்பரங்கள் மக்களுக்கு அதிகம் பிடித்தன, தலைப்பும் கூடுதலாக நினைவில் நின்றது என்று கண்டார்கள். புதிரை நாமே அவிழ்க்கும்போது ஒரு சின்ன சந்தோஷம் கிடைக்கிறதல்லவா, அது விளம்பரத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. இதே இருவர் சில வருஷம் கழித்து, அமெரிக்க விளம்பரங்களின் காட்சி விளையாட்டுகளை அந்தப் பண்பாட்டில் வளராதவர்களிடம் காட்டியபோது அந்தப் பலன் குறைந்தது, சிலவற்றில் காணவே இல்லை.

என் பார்வையில் ஓகில்வி சொன்னது பாதி சரி. அவிழ்க்க முடியாத புதிரைப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் "படுத்தால் படுத்தாது" மாதிரி ஒரு வரி அவிழ்க்க நேரமே எடுக்காது. படிக்கும்போதே அவிழ்ந்துவிடும். அதைப் புதிர் என்று தள்ளிவைக்க முடியாது.

சரி, அப்படியானால் அதையே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? இங்கேதான் எந்தக் குழுவும் நிதானிக்க வேண்டிய இடம் வருகிறது: மூன்றாவது பொருள். சிலேடை எழுதுகிறவர் ஒரு சொல்லின் இரண்டாவது கதவைத் திறக்கிறார். திறந்த கதவு வழியாக அவர் கூப்பிடாத ஆளும் உள்ளே வரலாம். தமிழில் "படம் படுத்துவிட்டது" என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். வியாபாரம் படுத்தது, மார்க்கெட் படுத்தது. அந்த மெத்தை கம்பெனியின் விற்பனை ஒரு காலாண்டில் கொஞ்சம் இறங்கினால் போதும், மீம் போடுகிறவர்களுக்கு அடுத்த வரியை நாமே எழுதிக் கொடுத்திருப்போம். கிளையன்ட் பக்கத்திலிருந்து ஒருவர், "படுத்தும்னு ஒரு வார்த்தை நம்ம பேரு பக்கத்துல எதுக்குங்க?" என்று கட்டாயம் கேட்பார். அதைக் கிளையன்ட் புத்தி என்று ஒதுக்கக் கூடாது, நியாயமான கேள்வி. எதிர்மறையான சொல்லை மறுத்துச் சொன்னாலும் காதில் தங்குவது அந்தச் சொல்தான்.

கண்ணுக்கான சிலேடை, காதுக்கான சிலேடை என்ற வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். "பெட் கட்டத் தயாரா?" என்று எழுதினால் தமிழ் எழுத்தில் கட்டிலுக்கும் பந்தயத்துக்கும் ஒரே எழுத்துதான், ஹோர்டிங்கில் அழகாக உட்காரும். ரேடியோவில் படித்தால் அறிவிப்பாளர் இரண்டில் ஒன்றைத்தான் உச்சரிக்க முடியும், சிலேடை பாதியாகிவிடும். (சூதாட்ட வாடையும் அடிக்கும், அது வேறு பிரச்சினை.) இதற்கு நேர் எதிர், லகர ளகர ழகர விளையாட்டு. பலர் வாயில் மூன்றும் ஒன்றாகவே வருவதால் காதுக்குச் சிலேடையாகக் கேட்கும், எழுதிப் பார்த்தால் எழுத்துப் பிழை மாதிரி தெரியும். ஒரே வரி எல்லா இடத்திலும் போக வேண்டும் என்றால் கண், காது இரண்டிலும் தேற வேண்டும். "படுத்தால் படுத்தாது" அதில் தேறிவிடுகிறது.

அப்புறம் மொழி. இதே கம்பெனி தெலுங்கு, கன்னடத்துக்கும் போகப்போகிறது என்றால் இந்த வரி எல்லையிலேயே நின்றுவிடும். அங்கே புதிதாக எழுத ஆளும் நாளும் பட்ஜெட்டில் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் இருக்காது. யாரோ ஒருவர் இரவோடு இரவாக மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார், அதில் சிலேடையும் இருக்காது, பொருளும் இருக்காது.

சிலேடை என்றதும் எந்தக் கூட்டத்திலும் அமுல் பேச்சு வந்துவிடும், "அமுல் மாதிரி வாராவாரம் போடலாமே" என்று. அந்தப் புள்ளிக் கவுன் சிறுமியை 1960-களில் உருவாக்கியவர்கள் சில்வெஸ்டர் டகுன்யாவும் ஓவியர் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அதே சிறுமி, அதே வரைபாணி, ஓரத்தில் அதே பொருள். மாறுவது வரி மட்டும்தான். சிலேடை சில வாரம் சுமாராக இருந்தாலும் சட்டகம் தாங்கிக்கொள்ளும், யாருடைய விளம்பரம் என்று யாரும் தேட வேண்டியதில்லை. நேற்று பிறந்த மெத்தைக்கு அந்தச் சட்டகம் இல்லை. அதன் வரி தானே தனியாக எல்லா வேலையையும் செய்ய வேண்டும்.

இரவல் வெளிச்சம்

இரண்டாவது வகைக்கு வருவோம். பஞ்ச் டயலாக், மீம், நேற்று இரவு ட்ரெண்டான ஏதோ ஒன்று. இதன் பெரிய லாபம், அறிமுகச் செலவு இல்லை. மக்கள் மனதில் ஏற்கெனவே சிரிப்போடும் குரலோடும் பின்னணி இசையோடும் உட்கார்ந்திருக்கிற ஒன்றின் மேல் நம் பொருளை ஏற்றி வைக்கிறோம். "இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே" என்று பழமொழி சொல்கிறது. பிராண்டிங்கில் பலர் எறிந்துவிட்டுத்தான் நிற்கிறார்கள்.

முதல் சிக்கல், நினைவு யார் பேரில் சேர்கிறது என்பது. நாயகனின் வசனத்தைப் பார்த்ததும் வாசகர் நாயகனை நினைப்பார், படத்தை நினைப்பார், அந்தக் காட்சியை நினைப்பார். மெத்தையை நினைக்க இடம் மிச்சம் இருக்காது. விளம்பரத் தொழிலில் இதற்கு வாம்பயர் எஃபெக்ட் என்றே பெயர். "அந்த விளம்பரம் சூப்பரா இருந்ததே, என்ன கம்பெனி அது?" என்று யாராவது கேட்டால் அந்தக் காசு நாயகன் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாவது சிக்கல் ஆயுள். 2019 மே மாதக் கடைசியில் நேசமணி என்ற பெயர் உலக ட்ரெண்டிங்கில் ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். 2001-ல் வந்த 'ப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் பாத்திரம். தலையில் சுத்தியல் விழும் காட்சி. பதினெட்டு வருஷம் கழித்து ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டதற்கு வந்த ஒரு நக்கல் பதிலிலிருந்து எல்லாம் கிளம்பியது. அவருக்காகப் பிரார்த்தனை செய்யச் சொல்லி லட்சக்கணக்கில் பதிவுகள். தங்கள் பங்குக்குப் போட்ட பிராண்டுகளும் உண்டு. அன்றைக்குப் போட்டது சரி. ஆனால் அந்த வரியை மெத்தை உறையில் அச்சடித்து, குடோனில் அடுக்கி, ஆறு மாதம் கழித்து கடைக்கு அனுப்பினால்? அதை யாரும் திட்டக்கூடமாட்டார்கள். பரிதாபப்படுவார்கள்.

வேகத்துக்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ஓரியோ. 2013 பிப்ரவரி 3 அன்று நியூ ஆர்லியன்ஸில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போய் 34 நிமிடம் ஆட்டம் நின்றது. அந்த இருட்டுக்குள்ளேயே, இருட்டிலும் பிஸ்கட்டைப் பாலில் முக்கலாம் என்ற பொருளில் ஒரு படத்தை ட்விட்டரில் போட்டார்கள். ஆட்டத்துக்காகக் கோடிகள் கொட்டி எடுத்த விளம்பரங்களைவிட அது அதிகம் பேசப்பட்டது. இதிலிருந்து 'வேகமா இருக்கணும்' என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அன்றிரவு ஏஜென்சி ஆட்களும் 'சரி' சொல்லும் அதிகாரம் உள்ள பிராண்ட் ஆட்களும் ஒரே அறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. ஒப்புதலுக்கு மூன்று மெயில் போகும் கம்பெனியில் இந்த விளையாட்டை ஆடவே கூடாது. இன்னொன்று, அவர்கள் யாருடைய வசனத்தையும் எடுக்கவில்லை. எல்லோர் கண் முன்னாலும் நடந்த இருட்டைத்தான் எடுத்தார்கள்.

வேகத்தின் இன்னொரு முகம் 2014 செப்டம்பரில் தெரிந்தது. குடும்ப வன்முறையைச் சகித்துக்கொண்டு ஏன் இருந்தோம் என்று பெண்கள் எழுதிக்கொண்டிருந்த ஒரு ஹேஷ்டேக்கை, அது எதைப் பற்றியது என்று பார்க்காமலேயே டிஜியோர்னோ என்ற பீட்சா பிராண்ட் தன் நகைச்சுவைக்குப் பயன்படுத்தியது. கொஞ்ச நேரத்தில் பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். ஒரு ட்ரெண்ட் எங்கிருந்து கிளம்பியது என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மூன்றாவது சிக்கல் சட்டம். இதில் எல்லோரும் நினைப்பது: நடிகர் பெயரையோ படத்தையோ போடவில்லையே, வசனம்தானே. அமெரிக்காவில் ஒரு கம்பெனி வாடகைக்கு விடும் கழிப்பறைகளுக்கு "ஹியர்ஸ் ஜானி" என்று பெயர் வைத்தது. தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஜானி கார்சனை ஒவ்வொரு இரவும் மேடைக்கு அழைக்கும் சொற்றொடர் அது. கூடவே 'உலகின் முதன்மையான கமோடியன்' என்று கமோடையும் காமெடியனையும் சேர்த்து ஒரு சிலேடை வேறு. 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கார்சன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவருடைய முழுப் பெயரோ முகமோ எங்கும் இல்லை, ஆனாலும் அவருடைய அடையாளத்தைத்தான் விற்றார்கள் என்பது காரணம். இந்தியாவிலும் நிலைமை அந்தப் பக்கம்தான் போகிறது. 2023 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் நடிகர் அனில் கபூரின் பெயர், குரல், உருவத்தோடு அவர் பாணியில் சொல்லும் 'ஜக்காஸ்' என்ற சொல்லையும் அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது. ஒரே ஒரு சொல்! சமூக வலைதளத்தில் ஒரு ரசிகர் போடும் மீமும் மெத்தை விற்கும் கம்பெனி போடும் மீமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றில்லை.

யாருக்கும் ராயல்டி கொடுக்க வேண்டாத பொதுச் சொத்தும் இருக்கிறதே என்று கேட்கலாம். மெத்தைக்கு என்றால் கும்பகர்ணன் தயாராக நிற்கிறான். ஆயுள் பிரச்சினை இல்லை, வழக்கும் வராது. ஆனால் தூக்கம் சம்பந்தப்பட்ட எந்தப் பொருளுக்கும் எல்லோரும் முதலில் போய்த் தட்டும் கதவு அது. எல்லோரும் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனே விழித்திருப்பான்.

அதனால் இரண்டாவது வகையை நான் மொத்தமாக ஒதுக்கவில்லை, ஒரே வரிக்கான போட்டியிலிருந்து மட்டும் எடுத்துவிடுகிறேன். போட்ட மறுநாள் மறந்துபோனாலும் பரவாயில்லை என்கிற சமூக வலைதளப் பதிவுக்கு அது இருக்கட்டும். உண்மையில் பெரிய வெற்றி எதிர்த்திசையில்தான் இருக்கிறது. வெண்டிஸ் என்ற அமெரிக்க பர்கர் கடையின் விளம்பரத்தில் கிளாரா பெல்லர் என்ற மூதாட்டி "வேர்ஸ் தி பீஃப்?" என்று கேட்ட கேள்வியை, 1984-ல் அமெரிக்க அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த வால்டர் மாண்டேல் தன் போட்டியாளரைப் பார்த்து விவாத மேடையில் கேட்டார். விளம்பரம் மக்கள் பேச்சிலிருந்து கடன் வாங்கவில்லை, அதற்குக் கடன் கொடுத்தது. அந்த வரியைப் பாருங்கள், சிலேடையும் இல்லை, சினிமாவும் இல்லை. இறைச்சி எங்கே என்ற நேரான கேள்வி.

"ம்ம்" வாங்கிய வரி

இப்போது அந்த மூன்றாவது வரி. "10 வருஷம் ஆனாலும் நடுவில் குழி விழாது." நேர்ப்பேச்சு தோற்பதற்கு அது நேர்ப்பேச்சாக இருப்பது காரணமில்லை. எல்லோரும் சொல்கிற அதே விஷயத்தைச் சொல்வதுதான் காரணம். மென்மை, சுகம், நிம்மதி என்று எழுதினால் அது யாருடைய மெத்தைக்கும் பொருந்தும். குழி என்று சொன்னதில் கொஞ்சம் உயிர் இருக்கிறது, மெத்தை வைத்திருப்பவர்களின் உண்மையான புகார் அதுதான். ஆனால் 10 வருஷம் என்பதை எந்தக் கம்பெனியும் சொல்லும், யாரும் நம்பமாட்டார்கள்.

சிலேடையைத் திட்டிய ஓகில்வி தானே எழுதிக் காட்டியது 1950-களின் கடைசியில் வந்த ரோல்ஸ்-ராய்ஸ் விளம்பரம். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கும் பெரிய சத்தம் மின்கடிகாரத்தின் சத்தம்தான் என்பது தலைப்பு. சொல்விளையாட்டு இல்லை, பிரபலம் இல்லை. அந்தத் தகவல் ஒரு மோட்டார் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் எழுதியதிலிருந்து எடுக்கப்பட்டது. ஓகில்வி உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது கிடையாது, படித்துக் கண்டுபிடித்தது. 'மிக அமைதியான கார்' என்று எழுதியிருந்தால் அதுவும் நேர்ப்பேச்சுதான், அதற்கும் ஒரு "ம்ம்"தான் கிடைத்திருக்கும்.

ஆகவே மெத்தைக் குழு செய்ய வேண்டியது அறையை விட்டு எழுந்து தொழிற்சாலைக்குப் போவது. மெத்தை குழி விழுமா என்று எப்படிச் சோதிக்கிறார்கள் என்று அங்கே கேட்டால் ஒரு நல்ல விஷயம் கிடைக்கும். ஐரோப்பியச் சோதனை முறை ஒன்றில் சுமார் 140 கிலோ எடை அழுத்தும் ஓர் உருளையை மெத்தையின் மேல் 30,000 முறை உருட்டுவார்கள். அதற்குப் பிறகு உயரம் எவ்வளவு குறைந்தது, கெட்டித்தன்மை எவ்வளவு மாறியது என்று அளப்பார்கள். நம் மெத்தை அந்தச் சோதனையில் தேறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரி இப்படி ஆகும்:

"30,000 முறை உருட்டினோம். குழி விழவில்லை."

10 வருஷம் என்பதைவிட இது எவ்வளவோ மேல். கண் முன்னால் ஓர் உருளை ஓடுகிறது. இதைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படியே சொல்லலாம். போட்டிக் கம்பெனி சோதனை செய்யாமல் இதைத் திருப்பிச் சொல்லவும் முடியாது.

ஆனால் இதைக் குழுவில் வயது குறைந்த ஒருவரிடம் காட்டினால் அவர் சிரிப்பார். ஏனென்றால் இன்றைய பேச்சில் 'உருட்டு' என்றால் அளந்துவிடுவது. "செம உருட்டு", "உருட்டாதே" என்று கமென்ட் பகுதிகளில் தினமும் ஓடுகிற சொல். 30,000 முறை உருட்டினோம் என்று ஒரு கம்பெனியே ஒப்புக்கொண்டால் கேட்கவா வேண்டும்! மூன்றாவது பொருள் சிலேடைக்கு மட்டும்தான் வரும் என்று நினைத்தோம். எந்த விளையாட்டும் இல்லாத வரிக்குள்ளும் அது தானே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு இரண்டு வழி. 'உருட்டினோம்' என்பதை எடுத்துவிட்டு 'உருளை ஓட்டினோம்' என்று மாற்றலாம். பாதுகாப்பு, ஆனால் சப்பென்று ஆகிவிடும். இல்லையென்றால் மற்றவர்கள் சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடலாம்:

"சும்மா உருட்டவில்லை. 30,000 முறை உருட்டினோம்."

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். முதலில் மேஜையில் கிடந்த மூன்றில் எதுவும் இல்லை இது, ஆனால் மூன்றின் வேலையையும் செய்கிறது. சிலேடைக்கு இரண்டு கால் வேண்டும் என்று பார்த்தோமே, இங்கே ஒரு கால் சோதனை இயந்திரத்தில் நிற்கிறது, இன்னொன்று மக்கள் பேச்சில். 'உருட்டு' என்பது எந்த நடிகருக்கும் சொந்தமில்லாத சொல், நோட்டீஸ் அனுப்ப ஆள் இல்லை. அந்தப் பேச்சுவழக்கு தெரியாத பெரியவர் ஒருவர் படித்தாலும் எதையோ 30,000 முறை உருட்டிச் சோதித்திருக்கிறார்கள் என்பது புரியும், சிரிப்புத்தான் வராது. நாளைக்கு அந்தப் பேச்சுவழக்கு மறைந்துபோனாலும் தகவல் அப்படியே இருக்கும். "மெத்தப் படுத்தவர்கள்" வரியில் சிரிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் இருந்ததா?

"படுத்தால் படுத்தாது" இரண்டாவது இடம். சோதனை அறிக்கை கையில் இல்லாத கம்பெனியாக இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், 'படுத்துவிட்டது' மீம் வரும் என்று தெரிந்தே எடுப்பேன். அதற்கு ஒரு வசதியும் உண்டு: அது எதையும் அளந்து சொல்லவில்லை, அதனால் அளந்து காட்டு என்று யாரும் கேட்க முடியாது. எண் போட்ட வரிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவில் 1985 முதல் இயங்கும் விளம்பரத் தர மன்றமான ஆஸ்கி, ஆதாரம் எங்கே என்று கேட்கும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் இருக்கிறது. சட்டம் போகட்டும், 'உருட்டவில்லை' என்று சொல்லிவிட்டு எண்ணில் ஒரு பூஜ்யம் தவறினால் கமென்ட் பகுதியில் முதல் சொல் என்னவாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் அச்சுக்குப் போகும் முன் சில வேலைகள் பாக்கி. சோதனை அறிக்கையின் நகல் ஏஜென்சி கையிலும் இருக்க வேண்டும், கிளையன்ட் "இருக்கு, அனுப்புறோம்" என்று சொன்னது போதாது. எந்த மாடல் சோதிக்கப்பட்டதோ அந்த மாடலின் உறையில் மட்டும்தான் வரி வர வேண்டும், கடையில் பக்கத்தில் இருக்கும் மலிவு மாடலுக்கு ஒட்டிவிடக் கூடாது. 30,000 முறை என்பதை விற்பனைக் குழு தன் வசதிக்கு "அதாவது 10 வருஷம்" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பிக்கும், அதை முதல் நாளே நிறுத்திவிட வேண்டும். ரேடியோவுக்கு "சும்மா உருட்டல" என்று பேச்சுவழக்கிலேயே போகலாம், ஆனால் எண்ணைச் சொல்லும்போது அறிவிப்பாளர் அவசரப்படக் கூடாது.